நாலு ஜுரம் கண்ட பாப்பா

கல்யாணமாகிப் போன மூன்றாம் வாரமே நான் மாட்டுக்கொட்டகைக்குக் குடிபெயர்ந்தேன். மாமியார் கொடுமை என்று நினைத்துவிட வேண்டாம். மாமியாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு என்னோடுதான் வந்தார். நாத்தனாரும் வந்தாள். என் வீட்டுக்காரர் தலையணையோடு கடைசியாக வந்து, எருமைக்கும் சுவருக்கும் நடுவில் இடம் பிடித்தார். வீட்டுக்குள் பட்டுப்புழு முட்டை அட்டைகள் வந்திருந்தன. இனி ஒரு மாதத்துக்கு வீடு அவற்றுடையது.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். எண்பதுகளில் அந்தப் பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இல்லாத வீடு குறைவு. ஆண்களில் பாதிப் பேர் ஓசூர்க் கம்பெனிகளுக்குச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்விடுவார்கள். தழை பறிப்பது, நறுக்கிப் போடுவது, தட்டுச் சுத்தம் பண்ணுவது எல்லாம் பெண்கள் பாடு. என் வீட்டுக்காரரும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். புழுவில் தலை எது வால் எது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் செத்த புழுவை 'ரிஜெக்‌ஷன்' என்று சொல்லுவார். அது ஒன்றுதான் இந்தத் தொழிலில் அவருடைய பங்கு.

மாமியார் கன்னடம் பேசும் வீட்டிலிருந்து வந்தவர். பேச்சில் இரண்டு பாஷையும் கலந்தேதான் வரும். அவர் வாயில் புழு என்ற வார்த்தை வராது. சொன்னால் கண்பட்டுவிடும் என்பார். 'பாப்பா' என்பார். பாப்பா சாப்பிட்டதா, பாப்பா தூங்குதா என்று அவர் கேட்பதைக் கேட்டு, முட்டை பொரிந்த முதல் வாரம் இந்த வீட்டில் யாருக்கோ கைக்குழந்தை இருக்கிறது, எனக்குக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

புழு வளரும்போது நான்கு முறை தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடந்து, தோலை உரித்துக்கொண்டு பெரிதாகும். எங்கள் பக்கத்தில் அதை ஜுரம் என்போம். முதல் ஜுரம், இரண்டாம் ஜுரம் என்று கணக்கு. நாலாம் ஜுரம் முடிந்தால் ஒரு வாரம் பேய்த்தீனி தின்னும். பிறகு உடம்பு மஞ்சளாகப் பழுத்து, வாயிலிருந்து நூல் விட்டுக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனால் நாங்கள் மறுபடி வீட்டுக்குள் வரலாம்.

நான் சொல்லப் போவது கல்யாணமாகி மூன்றாவது வருடக் கோடை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மழை சரியாகப் பெய்யவில்லை. ஓசூர்ப் பக்கம் சித்திரையிலும் விடியற்காலையில் போர்வை தேடும் ஊர் என்று என் அம்மா வீட்டில் சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். அந்த வருடம் மாசியிலேயே போர்வையை மடித்து மரப்பெட்டியில் போட்டாயிற்று. பங்குனியில் கொட்டகையில் இருந்த எருமை எங்களை வெளியே போகச் சொல்லுவதுபோலப் பார்த்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். கம்பெனிப் புகைதான் மேகத்தை விரட்டுகிறது என்றார் மாமியார். கம்பெனிக்காரரான என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டியதுதான் காரணம் என்றார். எதிர்வீட்டுக்காரி, வானத்தில் ராக்கெட் விட்டு விட்டு ஓட்டை போட்டுவிட்டார்கள், மழை வேறு பக்கம் ஒழுகுகிறது என்றாள். பருவநிலை மாற்றம் என்கிற வார்த்தையெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் பேப்பரில் பார்த்தேன். அதைப் படித்தபோது எதிர்வீட்டுக்காரி அப்படியொன்றும் மோசமாகச் சொல்லவில்லை என்று தோன்றியது.

பட்டுப்புழு சூடு தாங்காது. பட்டு ஆபீசர் எங்கள் தெருவுக்கு வந்து வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, பாதரசம் இதைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினோம். ஊதுபத்திப் புகை புழுவுக்கு ஆகாது என்பதால் சாமிக்கு அந்த மாதம் ஊதுபத்தி கிடையாது. தெர்மாமீட்டரைத்தான் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தோம்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே பாதரசத்தை இறக்குவது லேசான காரியமாக இல்லை. அதற்குக் காரணம் வீட்டுக் கூரை. பழைய ஓலைக்கூரை ஒழுகுகிறது என்று சொல்லி, மழையே இல்லாத வருடமாகப் பார்த்து, என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஷீட் போட்டிருந்தார். கம்பெனியில் எல்லாம் ஷீட்தான் என்று பெருமை. வெயில் ஏறினால் வீட்டுக்குள் அப்பளம் காயவைக்கலாம். கோணிப்பைகளை நனைத்து ஜன்னலிலும் கதவிலும் தொங்கவிட்டோம். தட்டுகளுக்கு நடுவில் தண்ணீர்ச் சட்டிகளை வைத்தோம். போர்வெல் அரைமணி நேரம் இருமிவிட்டு ஆறு குடம் துப்பும். அந்த ஆறு குடத்தில் கோணிக்கு முதலில், மாட்டுக்கு இரண்டாவது, சமையலுக்கு மூன்றாவது, குளியலுக்குக் கிடைத்தால் உண்டு. தட்டு இருக்கும் அறைக்குப் பெண்கள் தூரமான நாட்களில் போகக்கூடாது என்று அதுவரை கண்டிப்பான சட்டம். அந்தக் கோடையில் நான் மூன்று நாள் விலகி உட்கார்ந்தால் தழை போட ஆளில்லை. மாமியார் யோசித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்றார். நான் உள்ளே போனேன். சட்டம் அன்றோடு முடிந்தது.

நாலாம் ஜுரம் முடிந்து நாலாம் நாள், நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாளே வருகிறார்களாம். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் ஒரே மகனும். மகன் சொந்தமாக டெம்போ ஓட்டுகிறான். நல்ல இடம், தள்ளிப்போட முடியாது. ஆனால் நாலாம் ஜுரம் முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆள் வருவது, பிரசவ அறைக்குள் கல்யாண ஊர்வலம் நுழைவது மாதிரி.

முதலில் பலகாரப் பிரச்சினை. எண்ணெய் காய்கிற வாசனை புழுவுக்கு ஆகாது. ஆகவே பஜ்ஜி இல்லை, தாளிப்பு இல்லை. பூ கூடாது, பவுடர் கூடாது. நாத்தனாருக்குப் பத்தொன்பது வயது. பெண் பார்க்க வரும் நாளில் பூவும் பவுடரும் இல்லாமல் நிற்கிற ஒரே பெண் இந்த ஜில்லாவில் நான்தான் என்று சொல்லிவிட்டு, பழைய புடவையைக் கட்டிக்கொண்டு தழை பறிக்கப் போய்விட்டாள். பதினோரு மணிக்கு மேல்தான் வருவார்கள், அதற்குள் பறித்துவிடலாம் என்பது எங்கள் திட்டம்.

அவர்கள் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள்.

மாங்காய் ஏற்றும் டெம்போவிலேயே வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நெடுநெடுவென்று உயரமாக, மடியில் வெற்றிலைப் பையோடு, பின்கொண்டையில் ஒரு முழம் மல்லிகையோடு வந்தார். மாப்பிள்ளை வெள்ளை டெரிலின் சட்டையில், சென்ட் வாசனையோடு நின்றான். மாமியாரின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு மாப்பிள்ளை தெரியவில்லை, சென்ட்தான் தெரிந்தது.

வாசலில் ஒரு தட்டில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் எப்போதும் இருக்கும். அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சம்பந்தியாக வருகிறவர்களின் காலைப் பிளீச்சிங் பவுடரில் நனைக்கச் சொன்னோம். மல்லிகையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டச் சொன்னோம். புகையிலையை டெம்போவிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம். அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் செய்தார், ஆனால் உதடு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. மாப்பிள்ளையின் சென்ட்டுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவனை மட்டும் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்காரவைத்தோம்.

உள்ளே முன்னறையில் அந்த அம்மாளை உட்காரவைத்து நீர்மோர் கொடுத்தோம். அடுத்த அறையில் தட்டுகள். அவர்கள் பக்கம் பட்டுப்புழு கிடையாது, மாங்காய் மட்டும்தான் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தழை நறுக்கும் கத்தியோடு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமியாரின் மனசு முழுக்க அடுத்த அறையில் இருந்தது. அந்த நேரத்தில்தான் அந்த அம்மாள் நாத்தனாரைப் பற்றி விசாரித்தார்.

"பாப்பா எப்டி இருக்குதுக்கா?"

"நல்லா இருக்குது. நாலு ஜுரமும் வந்து போயிடுச்சி. இனிமே பயமில்ல."

அந்த அம்மாள் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு தடவையா?"

"நாலு தடவதான வரும். ஒவ்வொரு வாட்டியும் தோலு உரிஞ்சிக்குது. உரிஞ்சதும் பாருங்க, என்னா பளபளப்பு."

"இப்ப சாப்பிடுதா?"

"அத ஏன் கேக்கறீங்க. ராவும் பகலும் திங்குது. நானும் மருமகளும் பறிச்சி பறிச்சிப் போட்டுகினே இருக்கறோம், போதல. இன்னும் ரெண்டு நாள்ல ஒடம்பு மஞ்சளாயிடும். வாயில நூல் உட்டா, தூக்கி சந்திரிகையில போட்டுட வேண்டியதுதான்."

கூடு கட்டுவதற்குப் புழுவை விடுகிற மூங்கில் தட்டியைத்தான் சந்திரிகை என்போம். அந்த அம்மாள் அதை ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டார் என்பது பிற்பாடு தெரிந்தது. எனக்குக் கதவுக்குப் பின்னால் விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். மருமகள் பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடக்கூடாது என்ற ஒழுக்கமும் அன்றைக்குப் பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த அம்மாள் எழுந்திருக்கப் போனவர், தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு வெளியே மழை பெய்கிறதே என்றார். எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஓலையில் சன்னமாகத் தூறல் விழுவதுபோன்ற சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் தழை தின்கிற சத்தம் அது. அந்த அம்மாள் மறுபடி உள்ளே வந்து நின்று கேட்டார். இரண்டு வருடமாக அந்தச் சத்தத்துக்கு ஏங்கியவர் என்பது முகத்தில் தெரிந்தது. மாமியார் அவரை அழைத்துப் போய்க் கதவிலிருந்து தட்டுகளைக் காட்டினார். அப்போதுகூட அந்த அம்மாள், பாப்பாவின் நோயும் இந்தப் புழுவும் வேறு வேறு என்றுதான் நினைத்தார்.

அந்தச் சமயத்தில் கரண்ட் போயிற்று. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, நனைத்த கோணியின் குளுமைக்காகத் தட்டுகளுக்கு அடியில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், மேஜை ஃபேன் நின்றதும் எழுந்து வெளியே வந்தார். பெண்ணின் அண்ணன் லுங்கியோடு, தலையில் இரண்டு புழுவோடு வருவதைச் சம்பந்தியம்மாள் பார்த்தார். அதற்கு மேல் அவர் ஆச்சரியப்பட இடமில்லை.

பதினோரு மணிக்குப் பாதரசம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. போர்வெல்லுக்குக் கரண்ட் இல்லை. கோணிகள் காய்ந்து விறைத்துப்போயின. நானும் மாமியாரும் முறத்தால் விசிறினோம். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூறல் சத்தம் குறைந்து நின்றுவிட்டது. புழுக்கள் தழையை விட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு தட்டின் ஓரத்துக்கு ஊர ஆரம்பித்தன. மாமியார் முறத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒரு மாதம் மூன்று பெண்கள் தூங்காமல் பார்த்த வேலை ஒரு மத்தியானத்தில் போகப் போகிறது என்று இருவருக்கும் தெரிந்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

அந்த அம்மாள்தான் முதலில் அசைந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்க் கூரையைப் பார்த்தார். அந்த வருடம் அவர் தோப்பில் பூவெல்லாம் வெயிலில் கருகிக் கொட்டிவிட்டதாம். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாவடுகூடக் கொண்டுபோகவில்லையாம். மாங்காய் பறிக்கவும் பிரிக்கவும் வருகிற பெண்கள் கல் உடைக்கப் போய்விட்டார்களாம். இதையெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கூரைதான் அடுப்பு. அது மேல பச்சையா எதையாவது பரப்பித் தண்ணி ஊத்துங்க. மாங்கா மூட்டைய அப்டித்தான் காப்பாத்துவோம்."

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டோம். அரை மைலில் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அதன் பள்ளத்தில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். டெம்போ இருக்கிறதே என்றார் அந்த அம்மாள். மகனைக் கூப்பிட்டார். வழி காட்ட ஆள் வேண்டும். அதே நேரத்தில்தான் நாத்தனார் தலையில் தழைக்கட்டோடு, முகமெல்லாம் வியர்வையும் புழுதியுமாகத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தாள். வந்தவர்கள் யாரென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் யாரென்று அவர்களுக்கும் சொல்லவில்லை. தழைக்கட்டை இறக்கச் சொல்லி, வண்டியில் ஏறி வழி காட்டு என்றார் மாமியார். அவள் முன்னால் ஏறினாள். சின்னப் பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று நான் பின்னால் டிரம்களோடு ஏறினேன்.

டெம்போவில் டிரைவருக்குப் பின்னால் கண்ணாடி கிடையாது; கம்பிதான். எல்லாம் கேட்டது. கிளம்புவதற்கு முன் அந்த அம்மாள் வேப்பமரத்தடிக்குப் போய் மகன் காதில் எல்லாவற்றையும் ஓதிவிட்டிருக்கிறார். கல்குவாரித் திருப்பத்தில் அவன் வண்டியை மெதுவாக்கி, சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வீட்ல இருக்கற பாப்பா நீங்கதானா?"

நாத்தனார் ஆமாம் என்றாள். அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

"காத்து ஒத்துக்காதுல்ல. இப்ப ஜுரம் எப்டி இருக்குது?"

"எனக்கு எதுக்கு ஜுரம்?"

"நாலு வாட்டி வந்துச்சாமே. தோலுகூட உரிஞ்சிச்சாமே."

நாத்தனார் அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கம்பி வழியாக என்னைப் பார்த்தாள். நான் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அதற்குள் சிரித்தால் வெளியே கேட்காது என்று நினைத்தேன். வெற்று டிரம்முக்குள் சிரித்தால் எப்படிக் கேட்கும் என்பது அன்று தெரிந்தது. அவனுக்கு நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் வண்டி குவாரிக்குள் இறங்கிவிட்டது. அவனும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் டெரிலின் சட்டையோடு பள்ளத்தில் இறங்கித் தண்ணீர் மொண்டான். சென்ட் வாசனை போய்ப் பாசி வாசனை வந்தது. இனி அவனை வீட்டுக்குள் விடலாம் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று நடை தண்ணீர் வந்தது. முதல் நடையிலேயே அவன், பாப்பா யார், புழு எது என்று தன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரரும் அவனும் கூரைமேல் ஏறி, தழை கழித்த மல்பெரிக் குச்சிகளையும் வேப்பங்கொத்துகளையும் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். சிமெண்ட் ஷீட் முதல் குடத்துக்குச் சூடான தோசைக்கல்போலச் சீறியது. அந்த அம்மாள் கீழே நின்று இங்கே ஊற்று, அங்கே ஊற்று என்று என் வீட்டுக்காரரை அதட்டிக்கொண்டிருந்தார். ஷீட்டின் பெருமையை அவர் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமியார் பழுப்புத் தழையைக் கழித்துப் புதுத் தழை போட்டார். மூன்று மணிக்குப் பாதரசம் கோட்டுக்கு வந்தது. கொஞ்சம் கழித்து ஒரு தட்டில் சத்தம் தொடங்கியது. பிறகு அடுத்த தட்டில். ஆனால் எல்லாத் தட்டிலும் இல்லை.

ஏறக்குறைய பாதிப் புழுக்கள் செத்துவிட்டன. தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினோம். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ரிஜெக்‌ஷன் என்று சொல்லவில்லை. மிச்சப் பாதி கட்டிய கூடும் மெலிசாகத்தான் இருந்தது. அதைத்தான் சந்தைக்குக் கொண்டுபோனோம். மாமியார் சந்தையில் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று சாயங்காலம் கிளம்பும்போது அந்த அம்மாள் ஆணியில் வாடிக் கிடந்த மல்லிகையை எடுத்து நாத்தனாரின் தலையில் வைத்துவிட்டார். பெண்ணைப் பார்த்ததாக அவர்கள் சொன்னது அவ்வளவுதான். புழுதியும் வியர்வையுமாகப் பார்த்தாயிற்று, இனி அலங்காரத்தில் என்ன பார்ப்பது என்றாராம். உனக்குச் சம்மதமா என்று நாத்தனாரிடம் நான் தனியாகக் கேட்டேன். அவள் தழைக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்:

"நாலு தடவ தோல் உரிஞ்ச பொண்ணுன்னு நம்பிகினே பக்கத்துல உக்கார வெச்சிருக்கறாரு அண்ணி. காத்து படக்கூடாதுன்னு கண்ணாடிய வேற ஏத்தறாரு. வேற என்னா பாக்கணும்?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் இரண்டு தூறல் விழுந்தது.

அடுத்த வருடமும் கோடை அப்படியேதான் வந்தது. எங்கள் தெருவில் கோடைக்கு முட்டை அட்டை வாங்குவதை ஒவ்வொரு வீடாக நிறுத்தினார்கள். வருடத்துக்கு ஐந்து முறை வளர்த்தவர்கள் மூன்று முறை வளர்த்தோம். பிறகு ஐப்பசியிலும் மார்கழியிலும் மட்டும். போர்வெல் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்ட வருடம் மல்பெரியில் பாதியைப் பிடுங்கிக் கேழ்வரகு போட்டோம். நான் பத்தாவது படித்திருந்ததால் ஓசூரில் ஒரு கம்பெனியில் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் பதினோரு பெண்கள் போனோம். ஒன்பது பேர் புழு வளர்த்தவர்கள். ஜன்னலோரச் சீட்டுக்குச் சண்டை நடக்கும். முதல் மாதம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, வேலைக்கு நடுவில் ஏன் எழுந்து எழுந்து போய்ச் சுவரில் இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்க்கிறாய் என்று கேட்டார். பழக்கம் என்றேன்.

நாத்தனாரின் வீட்டிலும் மாமரம் ஒரு வருடம் காய்த்தால் இரண்டு வருடம் ஏமாற்றியது. மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து தோப்பின் ஓரத்தில் புளி தட்டும் கொட்டகை போட்டார்கள். கொட்டை எடுத்த புளியை மூட்டை கட்டி, அவளே டெம்போவில் முன்னால் உட்கார்ந்து சந்தைக்குக் கொண்டுபோவாள். புளியமரம் வெயிலுக்குச் சளைக்கவில்லை என்று எங்களுக்குக் கடிதம் போட்டிருந்தாள். அதை நான் படித்துக் காட்டியபோது என் மாமியார், அந்த அம்மாளுக்கு எப்போதும் யோசனைக்குக் குறைவில்லை என்றார். பிறகு எழுந்து, மார்கழிப் புழுவுக்கு இரண்டாம் ஜுரம் விட்டதா என்று பார்க்க உள்ளே போனார்.